வெள்ளிக்கிழமைச் சுவர்கள்

ருமைஸா ஆறு வயதில் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பூனை வரைந்தாள். அவள் உம்மா சம்சுன்னிசா அதை வெகுநேரம் பார்த்தார். பேனாவை வாங்கிப் பூனையின் கழுத்துக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"உசிருள்ளத வரைஞ்சா மறுமையில அதுக்கு உசிர் குடுன்னு கேப்பாங்க. நம்மால குடுக்க முடியுமா? தலய வெட்டியாச்சி, இப்ப சரி. இப்ப இது வெறும் படம்."

ருமைஸா அழவில்லை. அதற்குப் பிறகு கதவு வரைந்தாள், குடை வரைந்தாள், கொடியில் காயும் துணி வரைந்தாள். முப்பது வருஷம் கழித்து, தூத்துக்குடியில் அவள் படங்களைப் பார்க்க வந்தவர்கள் ஏன் ஒரு படத்திலும் ஆளே இல்லை என்று கேட்டபோது, அவள் உம்மாவைப் பற்றித்தான் சொன்னாள். அது ஒரு காரணம். மற்றக் காரணத்தை நின்றபடியே சொல்லி முடிக்க முடியாது.

காயல்பட்டினத்தில் கல்யாணமானால் பெண் வீட்டைவிட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ருமைஸாவுக்காக வாப்பா மாடி எடுத்துக் கொடுத்தார். கீழே அவளுக்கு மூத்த ராத்தா உம்மு ஹானியும் மூன்று பிள்ளைகளும். மேலே ருமைஸாவும் தமீமும். 2010 ஆகஸ்டில் கல்யாணம் நடந்தது. நாற்பத்தேழு நாள் கழித்துத் தமீம் தம்மாமுக்கு விமானம் ஏறினான். கட்டடச் சாமான் விற்கும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவு. வந்தால் நன்றாகப் பேசுவான், கேலி செய்வான், மீனில் முள் எடுத்துச் சதையை அவள் தட்டில் வைப்பான். பிறகு போய்விடுவான். பிள்ளை இரண்டு தடவை தங்கி இரண்டு தடவையும் கலைந்தது. இரண்டாவது தடவை அவன் அங்கே இருந்தான். தகவலை உம்மு ஹானிதான் போனில் சொன்னாள்.

ருமைஸா ஊரிலேயே கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். வீட்டிலிருந்தபடியே கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்து கொடுப்பாள். லேப்டாப்பில் பூவும் பிறையும் வளைகோடும் போட்டு முடித்த பிறகு, யாரும் கேட்காததையும் கொஞ்சம் செய்து பார்ப்பாள். கூரியரில் அக்ரிலிக் பெயிண்ட் வரவழைத்தாள். தூரிகை பிடிக்க யாரும் சொல்லித் தரவில்லை. மாடியில் மேற்கு அறை முழுக்க அவளுடையது. தட்டிக் கேட்க ஆளில்லை.

தமீமுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அவன் ஜும்மா தொழுது, சாப்பிட்டு முடிக்கும்போது இங்கே நாலு மணி ஆகிவிடும். ருமைஸா முகம் கழுவி, போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து உட்காருவாள். 2014இல் ஒரு வெள்ளிக்கிழமை, "இன்னைக்கி சோத்துக்கு என்ன ஆணம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தவனின் முகம் பாதியில் நின்றது. வாய் திறந்தபடி, கன்னம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றது. பின்னால் இருந்த பச்சைச் சுவர் மட்டும் தெளிவாக இருந்தது. அதில் ஓர் ஆணி. ஆணிக்குக் கீழே யாரோ தலை சாய்த்துச் சாய்த்து உண்டாக்கிய எண்ணெய்க் கறை. நாலு வருஷமாகப் புருஷனோடு பேசுகிறாள். அவன் சாய்ந்திருந்த சுவரை அன்றுதான் பார்த்தாள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாள்.

அந்த வாரம் முழுக்க அதோடு இருந்தாள். லேப்டாப்பில் தமீமின் முகத்தை அழித்தாள். அவன் இருந்த இடத்தில் சுவரைத் தொடர்ந்தாள். பெரிதாக்க ஆக்கச் சுவர் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிந்தது. பச்சையில் பத்து விதப் பச்சை இருந்தது. அதை கேன்வாஸ் துணியில் பிரின்ட் எடுத்து, மேலே பெயிண்ட் வைத்தால் என்ன என்று தோன்றியது.

பஸ் ஏறித் தூத்துக்குடிக்குப் போனாள். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பேச்சிராஜா என்பவரின் ஃப்ளெக்ஸ் கடை. பூப்புனித நீராட்டு விழாவுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவில் அவளுடைய சுவர் மெஷினிலிருந்து இறங்கி வந்தது. அவர் அதைத் தலைகீழாகவும் திருப்பி, நடுவில் ஒட்டிச் சேர்த்த தடத்தைப் பார்த்தார்.

"என்னக்கா, ஆள அழிச்சிட்டியளா? பொறத்தாடி உள்ள சொவரத்தான் எல்லாரும் அழிக்கச் சொல்லுவாவ."

"ஆள் வேண்டாம் அண்ணாச்சி. சொவரு போதும்."

"மேட் பினிஷ் போடுதேன். பெயிண்டு நல்லா பிடிக்கும்" என்றார் அவர். வேறொன்றும் கேட்கவில்லை. அதனாலேயே ருமைஸா பத்து வருஷமும் அவரிடமே போனாள்.

வெள்ளிக்கிழமை தோறும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தாள். தமீம் அறை மாற மாறச் சுவர்கள் மாறின. தண்ணீர் ஊறிய சுவர். ஏஸி குழாய் போகும் சுவர். முந்தைய ஆள் ஒட்டிவிட்டுப் போன மலையாளக் காலண்டர் இருந்த சுவர். ருமைஸா சில இடங்களில் பெயிண்ட்டைக் கனமாக வைத்தாள். சில இடங்களில் பிரின்டில் இருந்த கட்டங்களை அப்படியே விட்டாள். ஒரு படம் முடிய நாலைந்து மாதமாகும். முடிந்ததைப் போட்டோ எடுத்துப் பெயர் சொல்லாத ஒரு இன்ஸ்டாகிராம் கணக்கில் போடுவாள். தமீமிடம் காட்டியதில்லை. கேட்டால் காட்டியிருப்பாள். அவன் பத்திரிகை டிசைன் பற்றித்தான் கேட்பான்.

2019இல் உம்மா மவுத்தானார். தமீமால் அடக்கத்துக்கு வர முடியவில்லை. அன்றும் போனில்தான் அழுதார்கள். அழுது முடித்த பிறகு அவள் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவில்லை. ஆனால் பின்னால் இருந்த சுவரில் ஒரு பல்லி இருந்ததைக் கவனித்தாள். அப்படிக் கவனித்ததற்காக வெகுநாள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

2023 ரமலான் முடிந்து கொஞ்ச நாளில் தமீம் ஒரு நல்ல செய்தி சொன்னான்.

"கம்பெனியில தனி ரூம் குடுத்திருக்காங்க ருமைஸா. நாலாவது மாடி. இனிமே எவன் கொறட்டையும் கேக்க வேணாம்."

"அல்ஹம்துலில்லாஹ். ரூமக் காட்டுங்களேன்."

"சாமான் எல்லாம் எறைஞ்சி கெடக்கு. ஒதுங்க வச்சிட்டுக் காட்டுறேன்."

அவனுக்குப் பின்னால் கருநீலத்தில் ஒரு துணி தொங்கியது. வெள்ளைப் பூப் போட்ட துணி. ஜன்னல் கர்ட்டன் என்றான். அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே துணி. அதற்கடுத்ததும். ஒதுங்க வைத்து முடியவில்லை போலும். ருமைஸாவுக்கு அந்தத் துணியின் மடிப்பு பிடித்திருந்தது. சுவருக்குப் பதிலாக இந்தத் தடவை இதை வரைவோம் என்று முடிவு செய்தாள்.

மடிப்புகளின் நிழலைப் புரிந்துகொள்ளப் படத்தை லேப்டாப்பில் ஏற்றி, இருட்டான பாகங்களை வெளிச்சமாக்கினாள். கருநீலம் சாம்பலாக வெளுத்தது. வலது மேல் மூலையில் துணி நைலான் கயிற்றால் ஓர் இரும்புக் கம்பியில் கட்டப்பட்டிருந்தது. கம்பி ஜன்னல் கம்பி இல்லை. அடுக்குக் கட்டிலின் மேல் சட்டம். சட்டத்துக்கு மேலே துணி முடியும் இடத்தில் ஏதோ வெளிறித் தெரிந்தது. இன்னும் பெரிதாக்கினாள். ஒரு கால். பித்த வெடிப்பு ஓடிய குதிகாலும், சுருண்ட நாலு விரலும். யாரோ மேல் கட்டிலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து முந்தைய ஏழு வாரப் படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து வெளிச்சமாக்கினாள். ஒன்றில் துணிக்குப் பின்னால் ஒரு தலையின் நிழல். ஒன்றில் கீழ் ஓரத்தில் வரிசையாக ஐந்தாறு ஜோடிச் செருப்பு. ஒவ்வொரு படத்திலும் தமீமின் சட்டைப் பை வெறுமையாக இருந்தது. கம்பெனி அட்டையைக் குத்தியபடியே ஜும்மாவுக்குப் போய் வருகிறவன் அவன். பதிமூன்று வருஷமாக அதை அவள் கேலி செய்திருக்கிறாள்.

தனி அறை இல்லை. வேலையும் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. ஆனால் ஒவ்வொரு மாதமும் பணம் மட்டும் முன்போலவே வந்துகொண்டிருந்தது. எங்கிருந்து என்று யோசிக்கப் பயமாக இருந்தது.

கீழே உம்மு ஹானி குரல் கொடுத்தாள். "என்னளா, சோறு ஆறிப்போவுது. மேல நீ என்ன செய்யுறா?"

"வாறேன் ராத்தா" என்றாள். போய்ச் சாப்பிட்டாள். சொல்லவில்லை. ராத்தாவிடம் சொன்னால் மச்சானுக்குப் போகும், மச்சானிடமிருந்து தெருவுக்குப் போகும். அதைவிட முக்கியமாக, தமீம் தனக்காகத்தான் அந்தத் துணியைக் கட்டியிருக்கிறான் என்று அவளுக்குப் பட்டது. வெள்ளிக்கிழமை தோறும் பிறர் தூங்கும்போது கயிறு கட்டி, துணி விரித்து, முன்னால் உட்கார்ந்து சிரிக்கிறான். அதை எப்படி இழுத்துப் போடுவது?

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே போனது. அவள் முகம் கழுவி உட்காருவாள். அவன் துணிக்கு முன்னால் உட்காருவான். "லீவு எப்ப?" என்பாள். "இன்ஷா அல்லாஹ், பெருநாளுக்குப் பொறகு" என்பான். எந்தப் பெருநாள் என்று அவள் கேட்கவில்லை. முன்பெல்லாம் அவன் இல்லாத தனிமைதான் இருந்தது. இப்போது அவனோடு பேசிக்கொண்டிருக்கும்போதே தனியாக இருந்தாள். போன் அணைந்ததும் மேற்கு அறைக்குப் போய் அந்தத் துணியை வரைவாள். நாலடிக்கு ஆறடி. இதுவரை வரைந்ததிலேயே பெரியது. காலை வரைந்தாள், சுரண்டினாள், மறுபடி வரைந்தாள். தலையில்லாத காலுக்கு உயிர் கேட்க மாட்டார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கடைசியில் விட்டுவிட்டாள். கால் இருந்தது.

2024 ஜூலையில் இன்ஸ்டாகிராமில் ஒரு செய்தி வந்தது. ஜெபிஷா என்ற பெண் தூத்துக்குடியில் பீச் ரோட்டுக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியைச் சுத்தம் செய்து, அதில் ஓவியக் கண்காட்சிகள் நடத்தினாள். ருமைஸாவின் சுவர்களைப் பார்த்துவிட்டு, இது எந்த ஊர்க்காரர் என்று மூன்று மாதம் விசாரித்திருக்கிறாள். பேச்சிராஜா கடையில்தான் பதில் கிடைத்தது.

"பக்கத்து ஊர்ல இருந்துக்கிட்டு இப்பிடி ஒளிஞ்சிக்கிட்டா எப்பிடி?" என்று போனில் சிரித்தாள். "பத்து நாள். நாலு பேரோட படங்க இருக்கு. அஞ்சாவது நீங்க."

ஒன்பது சுவர்களும் துணியும் போயின. முதல் நாள் ருமைஸா போகவில்லை. நாலாம் நாள் மத்தியானம், கூட்டம் இருக்காது என்று நினைத்து, கறுப்பு புர்கா உடுத்தி உம்மு ஹானியின் மூத்த மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். மதியான வெயில் ஓட்டு இடுக்குகள் வழியாக விழுந்துகொண்டிருந்தது. உள்ளே உப்பு மூட்டை வாசம் இன்னும் போகவில்லை. துணிப் படத்துக்கு முன்னால் ஒரு பெண் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். புன்னைக்காயலைச் சேர்ந்த மரியசெல்வி. ஆஸ்பத்திரிக்கு வந்தவள் வெயிலுக்கு ஒதுங்கியிருக்கிறாள்.

"இது கட்டில்ல பெட்சீட்டு கெட்டுனது" என்றாள் மரியசெல்வி, பக்கத்தில் வந்து நின்றவள் யாரென்று தெரியாமலே. "எங்க வீட்டுக்காரரும் கத்தார்ல இப்பிடித்தான் கெட்டிட்டுப் பேசுவாரு. மேல ஒருத்தன் கெடப்பான். நான் மொத நாளே கண்டுபிடிச்சிட்டேன்."

ருமைஸா அவள் பக்கம் திரும்பினாள். "நீங்க கேட்டியளா?"

"கேட்டேன். ஏன் தனி ரூம்புன்னு பொய் சொன்னியன்னு சண்ட போட்டேன். அன்னைலேருந்து வீடியோல வாரதில்ல. வெறும் குரலுதான். மூணு வருசமாச்சி." மரியசெல்வி படத்தை இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தாள். "கால நல்லா போட்டிருக்காவ. பாவம், செருப்பில்லாம நடக்கவன் காலு."

அவள் போன பிறகும் ருமைஸா அங்கேயே நின்றாள். ஒரு வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாமல் தூக்கிச் சுமந்ததை, ஆஸ்பத்திரிச் சீட்டும் கையுமாக வந்த ஒருத்தி வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கேட்டதற்கு என்ன கிடைத்தது என்றும் சொல்லிவிட்டாள். ஜெபிஷா கொண்டு வந்த டீயை ருமைஸா வாங்கினாள். குடிக்காமல் வைத்துவிட்டுப் போனை எடுத்துத் துணிப் படத்தை, கால் தெரியும்படி, போட்டோ எடுத்தாள். யோசித்தால் அனுப்ப மாட்டோம் என்று பயந்து உடனே தமீமுக்கு அனுப்பினாள். கீழே ஒரு வரி எழுதினாள்: "இது நான் வரைஞ்சது, தூத்துக்குடி எக்ஸிபிஷன்ல தொங்குது."

பஸ் பழையகாயலைத் தாண்டும்போது இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அழைப்பும் வரவில்லை. அவள் முகம் கழுவி, நாலிலிருந்து மஃரிப் பாங்கு வரை செம்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இனி குரல்தான், அதுவும் இருக்குமோ இருக்காதோ என்று நினைத்தாள். கண்காட்சி முடிந்து படங்கள் வேனில் திரும்பி வந்தன. அவற்றைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிச் சாய்த்து வைத்தாள்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை சரியாக நாலு மணிக்கு வீடியோ கால் வந்தது. துணி இல்லை.

தமீம் போனைச் சுற்றிக் காட்டினான். அடுக்குக் கட்டில் ஆறு, பன்னிரண்டு பேர். சிலர் முகத்தைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்கள். ஒருவன் கையை உயர்த்தி ஸலாம் சொன்னான். கயிற்றில் லுங்கிகள் காய்ந்தன. ஒரே ஒரு ஜன்னல், அதையும் ஏஸி பெட்டி அடைத்திருந்தது. பிறகு போன் தமீம் பக்கம் திரும்பியது.

"கம்பெனிய மூடிட்டாங்க. போன ரமலானுக்கு முந்தின ரமலான்ல" என்றான். "தண்ணி கேன் வண்டி ஓட்டுறேன். ஒரு கட்டடத்துக்கு ஒன்பது மாடி. லிப்டு இருந்தா பாதி நாள் ஓடாது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வந்துருங்கன்னு சொல்லுவா. வந்து என்ன செய்ய?" போனை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். "நீ எதுல கண்டுபிடிச்சா?"

"கால்ல."

"யார் கால்ல?"

"மேல கட்டில்ல."

தமீம் அண்ணாந்து பார்த்தான். "ஏலே ஸைத், எழும்பு. ஒங்கால் தூத்துக்குடியில எக்ஸிபிஷன்ல தொங்குதாம்லே." மேலேயிருந்து தூக்கக் குரலில் ஏதோ வசவு கேட்டது. அறையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். தமீமும் சிரித்தான். சிரிப்பு முடியும் முன்பே போனைக் கட்டிலில் கவிழ்த்துவிட்டான். இருட்டுத் திரையில் அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. ருமைஸா போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க" என்றாள் கடைசியில்.

2025 பிப்ரவரியில் தமீம் வந்தான், இந்தத் தடவை திரும்பிப் போகும் டிக்கெட் இல்லாமல். தூத்துக்குடித் துறைமுகம் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் காலைப் பொழுதுக்கு மட்டும் வேலை கிடைத்தது. மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவான். பதினைந்து வருஷத்தில் முதல் முறையாக, லீவுக் கணக்கு இல்லாமல், மாடியில் இரண்டு பேர் இருந்தார்கள். அது எப்படி என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவன் டிவியைச் சத்தமாக வைப்பான். சத்தம் இல்லாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. அவள் பேசுவதற்குச் சேர்த்து வைத்ததையெல்லாம் இரண்டு வாரத்தில் பேசி முடித்துவிட்டாள்.

ஒரு நாள் அவன் மேற்கு அறைக்கு வந்து படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். ஒவ்வொரு சுவரும் எந்த வருஷம், எந்தக் கட்டடம் என்று சரியாகச் சொன்னான். முதல் படத்தின் முன்னால் மட்டும் நெற்றியைச் சுருக்கினான்.

"இது பச்ச இல்லியே ருமைஸா. வெள்ளச் சொவரு. எதுத்தாப்புல கடையில பச்ச லைட்டு. ராவும் பகலும் எரியும்."

அவள் அந்தப் பச்சைக்காக மூன்று மாதம் பெயிண்ட் கலந்திருந்தாள். "மாத்தட்டுமா?" என்று கேட்டாள்.

"வேணாம். எனக்கும் ராவெல்லாம் பச்சையாத்தான் தெரிஞ்சுது" என்றான்.

அவன் நல்லவன்தான். படங்களைப் பற்றி ஊரில் பெருமையாகச் சொன்னான். டீ போட்டுக்கொண்டு வந்து பின்னால் நின்று பார்ப்பான். ஆனால் யாராவது பின்னால் நின்றால் ருமைஸாவின் கை நகராது. நாலு மாதம் ஒரு கோடும் போடவில்லை. ஜெபிஷாவுக்குப் போன் செய்தபோது, கிட்டங்கியின் பின்பக்கத்தில் ஒரு சின்ன அறை சும்மாதான் கிடக்கிறது என்றாள்.

"எதுக்கு அங்கன போவணும்? மாடி இருக்கே" என்றான் தமீம்.

"மாடியில நீங்க இருக்கிறிய."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று தெரிந்தது. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் டிவிப் பக்கம் திரும்பிக்கொண்டான். மறுநாள் காலையில் பெயிண்ட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தான்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் ருமைஸா தூத்துக்குடிக்குப் போகிறாள். அறையில் ஒரு மேஜை, ஒரு ஃபேன், வெளியே எப்போதாவது லாரி திரும்பும் சத்தம். ஆறடிக் கேன்வாஸ் ஒன்று பிரின்ட் இல்லாமல் வெறும் வெள்ளையாகச் சாய்ந்து நிற்கிறது. எதை வரைவது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. நாலு மணிக்குக் கதவைப் பூட்டி பஸ் ஏறினால் அஞ்சரைக்கு வீடு. போன வாரம் ஒரு நாள் அவள் படியேறும்போது தமீம் சோறு சூடாக்கிக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கி நீ என்ன வரைஞ்சா?"

"ஒண்ணும் வரையல."

"பின்ன நாள் பூரா என்ன செஞ்சா?"

"சும்மா இருந்தேன். ஆளில்லாம."

தமீம் தலையாட்டினான். அதற்கு மேல் அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இரண்டு தட்டை எடுத்து வைத்தான்.